நீலம் பூசிய போல்ட்

2018 அக்டோபர் 12, வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, தோ-அஷூ கணவாயின் சுரங்கத்தைக் கடந்து சூசாமிர் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஏழு இருக்கை வாடகை வண்டி ஒன்று, மூன்றாவது வளைவில் எதிர்த்தடத்தைக் குறுக்கே தாண்டிப் போய் மலைச்சுவரில் மோதியது. வண்டி பிஷ்கேக்கிலிருந்து தலாஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநரோடு சேர்த்து உள்ளே ஆறு பேர். முன்னிருக்கையில் இருந்த ஸூரா என்ற இருபத்தொன்பது வயதுத் தையல்காரி அந்த இடத்திலேயே இறந்தார். ஓட்டுநர் தாலாய்க்கு வலக்கால் இரண்டு இடங்களில் முறிந்தது. மற்றவர்களுக்குச் சிறு காயங்கள். போக்குவரத்துப் பதிவேட்டில் வண்டியின் உரிமையாளர் என்று இருந்த பெயர் சாதாத். காரா-பால்தா நகரத்துப் பள்ளி ஒன்றின் வேதியியல் ஆசிரியை.

திங்கட்கிழமை இரண்டாவது பாடவேளையில் அவருக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் மாவட்டக் காவல் நிலையத்தின் விசாரணை அதிகாரி, கேப்டன் ஜுமாதில்.

"என்கிட்ட வண்டியே இல்லையே, தம்பி. வித்து மூணு வருஷம் ஆச்சு."

"வித்தீங்களா, எழுதிக் குடுத்தீங்களா, எஜே?" அக்கா என்பதற்கான மரியாதைச் சொல்லோடு கேட்டார் அவர்.

சாதாத் வகுப்பறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினார். "நோட்டரிகிட்ட எழுதிக் குடுத்தேன். எல்லாரும் குடுக்கிற மாதிரிதான்."

"அந்தக் காகிதத்தோட நகலை எடுத்துட்டு வாங்க. வரும்போது தேதியப் பாத்துட்டு வாங்க."

காரா-பால்தாவில் வண்டிகள் கைமாறுவது அப்படித்தான். பதிவேட்டில் பெயரை மாற்றப் போனால் ஒரு நாள் வரிசையில் நிற்க வேண்டும். வண்டியைச் சோதனைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி அடிப்பாகத்தைக் காட்ட வேண்டும். எண் பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு வாங்க வேண்டும். நோட்டரியிடம் போனால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. விற்றவர் வாங்கியவருக்கு ஓர் அதிகாரப் பத்திரம் எழுதித் தருகிறார்: ஓட்டலாம், பழுது பார்க்கலாம், விற்கலாம். மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அது முடியும்போது இரண்டு பேரும் மறுபடி நோட்டரியிடம் போய்ப் புதிதாக ஒன்று எழுதிக்கொள்வார்கள். இப்படியே ஒரு வண்டி பத்து ஆண்டுகள்கூட முதல் ஆளின் பெயரிலேயே ஓடும். செத்துப்போனவர்களின் பெயரில் ஓடும் வண்டிகளும் ஊரில் உண்டு. யாரும் இதை ஒரு குறையாக நினைப்பதில்லை.

சாதாத்தின் பத்திரம் 2015 அக்டோபர் 1 அன்று எழுதப்பட்டது. 2018 செப்டம்பர் கடைசியில், வண்டியை வாங்கிய தாலாய் அவருக்குப் போன் செய்திருந்தான்.

"எஜே, ஒண்ணாம் தேதியோட முடியுது. ஒரு அரை மணி நேரம் வந்தீங்கன்னா போதும். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஆசிரியர் தின விழா நெருங்கிக்கொண்டிருந்தது. சேர்ந்து பாடும் குழுவைப் பழக்கும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. விழா முடிந்த கையோடு கல்வித் துறைச் சோதனை. "பதிமூணாம் தேதி சனிக்கிழமை வர்றேன், தாலாய்" என்றார்.

"சரி எஜே. பாட்டு நல்லாப் பாடுங்க."

பத்திரம் முடிந்ததற்கும் வண்டி மோதியதற்கும் நடுவே பதினோரு நாட்கள்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, சாதாத் போனபோது ஜுமாதிலின் அறையில் ஒரு மேசை, ஒரு மின் கெண்டி, காது உடைந்த இரண்டு கோப்பைகள். ஜன்னலுக்கு வெளியே காவல் நிலைய முற்றத்தில் வண்டி நின்றது. இடது முன்பக்கம் இல்லை. பனிக்காற்றுக்கு யாரோ அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு, பறக்காமல் இருக்கச் செங்கல் வைத்திருந்தார்கள்.

அவர் தேநீர் ஊற்றிக்கொடுத்துவிட்டு நகலைப் பார்த்தார். "ஒண்ணாம் தேதி" என்றார். அதைக் கோப்பில் செருகினார்.

"இப்ப என்ன ஆகும்?"

"ரெண்டு கேஸ், எஜே. ஒண்ணு நஷ்ட ஈடு. சட்டத்துல கரண்டு, வெடிமருந்து, காட்டு மிருகம், கார் எல்லாத்துக்கும் ஒரே கூண்டு. கூண்டு யாரோடதோ, கடிச்சதுக்கு அவங்க பதில் சொல்லணும். தப்பு பண்ணாங்களா இல்லையான்னு கேட்கவே மாட்டாங்க."

"நான்தான் கூண்டை வித்துட்டேனே."

"சாவியக் குடுத்தீங்க. காகிதம் உயிரோட இருந்திருந்தா பொறுப்பு அவன் தலைல. அது ஒண்ணாம் தேதியே செத்துப்போச்சு. இப்ப உங்க தலைல, இல்லன்னா ரெண்டு பேர் தலைலயும். அத நீதிபதி பாத்துப்பார்." அவர் கோப்பையை நகர்த்தி வைத்தார். "ரெண்டாவது கேஸ்தான் பெருசு. ஒரு பொண்ணு செத்திருக்கா. பிரேக் பிடிக்கலன்னு டிரைவர் சொல்றான். பிரேக் பிடிக்கலங்கறது உண்மைதான். ஏன் பிடிக்கலங்கறதுலதான் அவன் உள்ள போறதும் வெளிய இருக்கறதும் இருக்கு."

அவர் கூப்பிட்டதும் பக்கத்து அறையிலிருந்து கம்பளித் தொப்பி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் வந்தார். வாகன நிபுணர். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை. அதை மேசையின் மேல் வைத்தார்.

உள்ளே ஒரு போல்ட் இருந்தது.

"இடது பின்சக்கரத்துக்குப் பிரேக் திரவம் போற குழாய்ல இது இருந்துச்சு" என்றார் நிபுணர். "குழாயக் கழட்டி, வாயில இதத் திருகி, செம்பு வளையம் போட்டு இறுக்கி அடைச்சிருக்காங்க. அந்தச் சக்கரத்துல ஒழுக்கு இருந்திருக்கும். ஒழுக்க நிறுத்த ஒரு சக்கரத்தையே கழிச்சுட்டாங்க. ஊருக்குள்ள ஓட்டினா ஒண்ணும் தெரியாது. மலையில இறங்கும்போது நாலு சக்கரத்து வேலைய மூணு பாக்குது. சூடாகி, திரவம் கொதிச்சு, பெடல் தரையத் தொட்டுடும்."

"எப்ப அடைச்சது?" என்று ஜுமாதில் கேட்டார். கேள்வி தனக்காகக் கேட்கப்படுகிறது என்பது சாதாத்துக்குப் புரிந்தது.

"சக்கரத்துக்குள்ள இருக்கற துருவப் பாத்தா ஒரு வருஷத்துக்குக் கம்மி இல்ல."

"ஒரு வருஷமா, அஞ்சு வருஷமா?"

"துரு பேசாது, கேப்டன். ஒரு வருஷத்துக்குக் கம்மி இல்லன்னு மட்டும்தான் நான் எழுத முடியும்."

"மூணு வருஷமா வண்டி அவன் கையில. தினமும் ஆள் ஏத்தி ஓட்டுறவன். கிளம்பறதுக்கு முன்னாடி வண்டியப் பாக்கறது டிரைவர் கடமை. வேற யாரும் இதப் போட்டதா தெரியலன்னா, அவன் போட்டான், இல்ல அவனுக்குத் தெரியும். அப்படித்தான் எழுதுவேன்." ஜுமாதில் பையைச் சாதாத்தின் பக்கம் தள்ளினார். "உங்ககிட்ட இருந்தப்ப பின்சக்கரத்துல எதாவது வேலை பாத்தீங்களா, எஜே?"

சாதாத் பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். போல்ட்டின் தலையில் நீல வண்ணம் இருந்தது. ஒரு மூலையில் நீலம் பெயர்ந்து, கீழே பச்சை தெரிந்தது.

"என் வீட்டுக்காரர்தான் வண்டியப் பாத்துக்கிட்டாரு" என்றார். "அவர் இப்ப இல்ல."

"தெரியும். மண்ணு லேசா இருக்கட்டும் அவருக்கு" என்று ஜுமாதில் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

சாதாத்தின் கணவர் ஒமுர்ஸாக் சர்க்கரை ஆலையில் லாரி ஓட்டியவர். வண்டி வாங்கியபோது அதை மனைவி பெயரில் எழுதினார். "உன் பேர்ல இருந்தா போலீஸ்காரன் நிறுத்தினாலும், டீச்சரம்மா வண்டிங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவேன்" என்பார். வீட்டின் வெளிக்கதவை அவரே செய்தார். ஆலையின் பழைய தகடு, ஆலையின் இயந்திரங்களுக்கு வரும் நெருக்கமான மரை வெட்டிய போல்ட்டுகள். தகடு லாரியில் வந்தது; போல்ட்டுகள் சட்டைப்பையிலும் மதிய உணவுப் பையிலும் வந்தவை. முதலில் பச்சை அடித்தார். சாதாத்துக்குப் பிடிக்கவில்லை என்று அதன் மேலேயே நீலம் அடித்தார். பின்னொரு நாள் கீல் பட்டையில் உரசுகிறது என்று ஒரு போல்ட்டைக் கழற்றி வண்டியின் சாமான் டப்பாவில் போட்டுவிட்டார். கதவில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது.

2013 ஆகஸ்டில் சூசாமிரில் குதிரைப்பால் வாங்கிக்கொண்டு அவர்கள் திரும்பும்போது இடது பின்சக்கரம் எண்ணெய் பிடித்ததுபோல் நனைந்திருந்தது. ஒமுர்ஸாக் புல்லில் படுத்து வண்டிக்கடியில் போனார். சாதாத் குனிந்து ஸ்பேனர்களை எடுத்து எடுத்துக் கொடுத்தார். டப்பாவையும் அவர்தான் கொடுத்தார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் கையைப் புல்லில் துடைத்தார்.

"சரியாயிடுச்சா?"

"ஒரு சக்கரத்துக்கு லீவு குடுத்திருக்கேன். மூணு கால்ல நாய் ஓடலையா? சந்தையில சாமான் வாங்கினதும் மாத்திடறேன்."

கணவாயை இரண்டாம் கியரில், மாட்டுவண்டி வேகத்தில் கடந்தார்கள். சாமான் வாங்கினாரா என்று சாதாத் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவர்கள் மலைக்கு வண்டியில் போகவில்லை. அடுத்த ஆண்டு அவருக்கு ஈரலில் கட்டி என்றார்கள். அந்த ஆண்டு முடியுமுன் போய்விட்டார். அதற்கடுத்த ஆண்டு வண்டியைப் பார்க்கத் தாலாய் வந்தான். சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தான். "எதாவது கோளாறு இருக்கா எஜே?" என்று கேட்டான். "காலைல கிளம்பறதுக்குக் கொஞ்சம் அடம் பிடிக்கும்" என்று அவர் சொன்னார். அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது அதுதான்.

காவல் நிலையத்திலிருந்து வந்த அன்று மாலையே கணவரின் தம்பி மக்சாத்திடம் சொன்னார். மக்சாத் பக்கத்துத் தெருவில் தகர வேலை செய்பவன். அண்ணன் போன பிறகு இந்த வீட்டின் கூரை, குழாய், அடுப்பு எல்லாவற்றையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். சொல்லி முடிக்கும்வரை ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டான்.

"வேற யாருக்குத் தெரியும், ஜெங்கே?" அண்ணியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"யாருக்கும் தெரியாது."

"அப்ப இதோட விடுங்க."

"அந்தப் பையன் உள்ள போயிடுவான், மக்சாத்."

"நீங்க சொன்னா நீங்க உள்ள போவீங்க. தெரிஞ்சே குடுத்தாங்கன்னு எழுதுவான். நீங்க போகலன்னா அண்ணன் பேரு போகும். ஊருல என்ன சொல்லுவாங்க? ஒமுர்ஸாக் செத்து நாலு வருஷம் கழிச்சு ஒரு பொண்ணக் கொன்னான்னு சொல்லுவாங்க. அவரால எந்திரிச்சு வந்து பதில் சொல்ல முடியுமா?"

"அதான் நான் சொல்லணும்கறேன்."

"ஜெங்கே, நீங்க வேதியியல் டீச்சர். மெக்கானிக் இல்ல. நீலமா ஒரு போல்ட் பாத்தீங்க. ஊர்ல பாதிக் கதவு நீலம்." அவன் எழுந்து, போகும் வழியில் கதவருகே சற்று நேரம் நின்றான். கீல் பட்டையைத் தொட்டுப் பார்த்ததைச் சாதாத் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

வியாழக்கிழமை பள்ளி முடிந்து வந்தபோது கதவுக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். கையில் வெள்ளைத் துணியில் கட்டிய பெரிய மூட்டை. தாலாயின் தாய் பூபுசாரா. தலாஸிலிருந்து இரண்டு வண்டி மாறி வந்திருந்தார்.

"டீச்சரம்மா, என் பையனால உங்க பேரு போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிடுச்சு. மன்னிச்சுக்கோங்கன்னு சொல்ல வந்தேன்."

எதிர்வீட்டு வேலிக்குப் பின்னால் இரண்டு பெண்கள் துணி உலர்த்துவதை நிறுத்தியிருந்தார்கள். "உள்ள வாங்கம்மா" என்றார் சாதாத்.

"இல்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்." பூபுசாரா மூட்டையை நீட்டினார். பொரித்த ரொட்டி, ஒரு கிண்ணம் வெண்ணெய். "என் கையால செஞ்சது. அவன் அதப் போடல டீச்சரம்மா. அவனுக்கு டயர் மாத்தத் தெரியும், அவ்வளவுதான். போன மாசம் என் வீட்டுக் குழாய் ஒழுகுச்சு. அதுக்கே வெளியாளக் கூட்டிட்டு வந்தான்." சொல்லும்போதே சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

ரொட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. சாதாத் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அங்கேயே ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பதால் உள்ளே போய்ச் சர்க்கரை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். எதிர்வீட்டில் அதையும் பார்த்தார்கள்.

சனிக்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். தாழ்வாரத்தில் ஒரு காவலர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். "அஞ்சு நிமிஷம்தான் எஜே" என்று சொல்லிவிட்டுக் கைபேசியில் ஆழ்ந்தார்.

தாலாயின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முகத்தில் கண்ணாடிக் கீறல்கள் ஆறத் தொடங்கியிருந்தன.

"எஜே, அந்த சனிக்கிழமை நாம நோட்டரிகிட்ட போறதா இருந்தோம்ல" என்றான்.

"ஆமா தம்பி."

"சுரங்கத்துலேர்ந்து வெளிய வந்ததும் ரெண்டு வளைவு நல்லாத்தான் பிடிச்சுது. மூணாவதுல மிதிச்சேன், பஞ்சு மேல மிதிச்ச மாதிரி போயிடுச்சு. கைப்பிரேக் இழுத்தேன். கியர இறக்கினேன். வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் மலை. மலையில உரசினா நிக்கும்னு திருப்பினேன். மத்த வண்டியா இருந்தா இடது பக்கம் டிரைவர் உக்காந்திருப்பான். இது ஜப்பான் வண்டி, ஸ்டியரிங் வலது பக்கம். இடது பக்கம் அவங்க உக்காந்திருந்தாங்க." அவன் கூரையைப் பார்த்தான். "பீன்ஸ் அறுவடைக்கு ஊருக்குப் போறேன்னு சொன்னாங்க. வழியெல்லாம் தையல் மில்லுல நடந்த கதை சொல்லிச் சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. பின்னாடி தலை சுத்துதுன்னு ஒருத்தர் சொன்னாரு. முன்னாடி வாங்கன்னேன். நான் வரட்டுமான்னு கேட்டு ஸூராதான் முதல்ல வந்து உக்காந்தாங்க."

காவலர் ஒரு விதையைத் துப்பும் சத்தம் கேட்டது.

"எஜே, அத நான் போடல. ஒரு தடவ கூட அங்க பாத்ததில்ல. முன்பிரேக் கட்டை மட்டும்தான் மாத்தியிருக்கேன். அண்ணன் எப்பவாவது பின்சக்கரத்துல கை வெச்சாரா?"

"வெச்சாரு" என்றார் சாதாத். "அந்த போல்ட்ட நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

தாலாய் கோபப்படுவான் என்று அவர் எதிர்பார்த்தார். அவன் முகம் தளர்ந்து, பத்து வயது குறைந்ததுபோல் ஆனது. "அப்ப நான் இல்லன்னு ஒருத்தருக்காவது தெரியும்" என்றான். பிறகு, "அத அங்க சொல்லுவீங்களா?"

"திங்கட்கிழமை காலைல முதல் வேலையா சொல்றேன்."

"இன்னிக்கே சொல்லக் கூடாதா எஜே?"

"இன்னிக்கு சனிக்கிழமை. ஆபீஸ் இல்ல."

"ஆமா" என்றான் தாலாய். "சனிக்கிழமைல."

வீடு திரும்பும்போது பகல் இரண்டு மணி. தெருமுனையில் திரும்பியவர், தான் வேறு தெருவுக்கு வந்துவிட்டதாக நினைத்தார். அவர் வீட்டு வாசலில் புதுக் கதவு நின்றது. பழுப்பு நிறம், மேலே வளைவு, நடுவே இரும்புப் பூ. மக்சாத் ஏணியில் நின்று கடைசி மூலையை உரசிக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு, ஜெங்கே? குளிர் வர்றதுக்குள்ள மாத்திடணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன். உங்க பிறந்த நாள் பரிசுன்னு வெச்சுக்கோங்க."

"பழசு எங்க?"

"அது துருப்பிடிச்ச குப்பை."

"மக்சாத், பழசு எங்க?"

அவன் ஏணியிலிருந்து இறங்கவில்லை. "காலைல பழைய இரும்புக்காரன் லாரி வந்துச்சு. ஏத்தி விட்டுட்டேன்." உரசுவதை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "உங்களுக்கு நான் வேற என்ன செய்ய முடியும், சொல்லுங்க."

சாதாத் கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் அப்படியே திரும்பினார். பழைய இரும்புக் கிடங்கு சந்தைக்குப் பின்னால் ரயில் பாதையோரம் இருந்தது. அங்கே இருந்த ஆள் அவரிடம் வேதியியல் படித்தவன். எழுந்து நின்று பேசினான்.

"பெரிய லாரி பதினொரு மணிக்கே கிளம்பிடுச்சு எஜே. நேரா உருக்காலைக்கு. நசுக்கி ஏத்தினோம். நீலமா, பழுப்பா, எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? எதாவது மறந்து உள்ள வெச்சுட்டீங்களா?"

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜுமாதில் வருவதற்கு முன்பே சாதாத் அவர் அறை வாசலில் நின்றார். ஆகஸ்ட், குதிரைப்பால், புல், டப்பா, மூன்று கால் நாய், பச்சைக்கு மேல் நீலம், கீல் பட்டையின் காலி ஓட்டை எல்லாவற்றையும் சொன்னார். ஜுமாதில் குறுக்கிடாமல் தட்டச்சு செய்தார். பிறகு கைகளை மேசையில் கோத்துக்கொண்டார்.

"போன செவ்வாய்க்கிழமை இதே போல்ட்டக் கையில வெச்சுப் பாத்தீங்க. அப்ப ஏன் சொல்லல?"

"பயந்தேன்."

"இப்ப பயம் போயிடுச்சா?"

"இல்ல."

"சரி. கதவப் பாக்கப் போகலாம். மரையும் வண்ணமும் ஒத்துப்போனா நிபுணர வெச்சே எழுதிடலாம். கேஸே மாறிடும்."

"கதவு இல்ல. சனிக்கிழமை மாத்திட்டாங்க."

"யாரு?"

சாதாத் சொன்னார். ஜுமாதில் நாற்காலியில் சாய்ந்தார். "உங்க கதவுல அந்த ஓட்டை இருக்கற மாதிரி போட்டோ எதாவது?"

போட்டோக்கள் இருந்தன. கல்யாணப் போட்டோ, விருந்தினர் போட்டோ. எல்லாவற்றிலும் ஆட்கள் கதவின் முன்னால் நின்றார்கள். நீலம் தெரிந்தது, கீல் தெரியவில்லை.

"வியாழக்கிழமை டிரைவரோட அம்மா உங்க வீட்டுக்கு வந்தாங்களா?"

"வந்தாங்க."

"என்ன குடுத்தாங்க?"

"ரொட்டி."

"நீங்க?"

"சர்க்கரை. கிண்ணத்த வெறுமையா குடுக்க முடியாதில்ல."

"முடியாது. எங்க அம்மாவா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க. ஆனா அரசு வழக்கறிஞர் எப்படி எழுதுவாருன்னு கேளுங்க. வியாழக்கிழமை டிரைவர் வீட்டுலேர்ந்து வந்தாங்க. சனிக்கிழமை நீங்க டிரைவரப் போய்ப் பாத்தீங்க. திங்கட்கிழமை சாட்சி சொல்ல வந்தீங்க. பழிய யார் மேல போட்டீங்க? எந்திரிச்சு வர முடியாத ஆள் மேல." அவர் தாள்களை நீட்டினார். "நான் நம்பறேன், எஜே. நான் நம்பறதுக்குக் கோப்புல இடம் இல்ல. ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்க."

மக்சாத்தையும் அழைத்து விசாரித்தார்கள். அண்ணன் தன் வண்டியில் ஒருபோதும் அரைகுறை வேலை செய்ததில்லை என்றும், பழைய கதவில் எல்லா போல்ட்டுகளும் இருந்தன என்றும் அவன் சொன்னான். திரும்பி வரும் வழியில் சாதாத்தின் வீட்டில் இறங்கி, அடுப்புக்கு நிலக்கரி கொட்டிவிட்டுப் போனான்.

பிப்ரவரியில் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. முதல் நாள் தாழ்வாரத்துப் பெஞ்சில் ஸூராவின் கணவர் ஷெராலி உட்கார்ந்திருந்தார். அகன்ற கைகள், நகங்களில் மண். மடியில் தொப்பி. தலாஸிலிருந்து பனிப்பொழிவில் அதே கணவாயைக் கடந்துதான் அவர் வந்திருந்தார். சாதாத் அவர் எதிரே போய் நின்று, தான் யார் என்று சொன்னார். பிறகு போல்ட்டைப் பற்றிச் சொன்னார். எங்கே தொடங்கினாலும் அது விளக்கம் சொல்வதுபோலவே ஆயிற்று.

ஷெராலி கடைசி வரை கேட்டார்.

"எஜே, முதல்ல டிரைவர்தான் காரணம்னு சொன்னாங்க. சரின்னேன். அப்புறம் வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்கன்னாங்க. அதுக்கும் சரின்னேன். இப்ப உங்க வீட்டுக்காரருங்கறீங்க. செத்துப்போனவர் மேல நான் என்ன கேக்கறது? அங்க அவங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிடட்டும்." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ முன்னாடி போய் உக்காந்தா. அதுக்கு யாரு காரணம்னு எழுதுவாங்களா?"

சாதாத் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். ஊன்றுகோல்களோடு தாலாய் வந்தான். அவன் தாய் பின்னால் வந்தார். இந்த முறை அவர் கையில் எதுவும் இல்லை. யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சாதாத்தைப் பார்த்து வணக்கம்கூடச் சொல்லாமல், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கடந்துபோனார்.

சாட்சிக் கூண்டில் சாதாத் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். நாற்பது ஆண்டுகளாக வகுப்பில் பேசிய குரல்; கடைசி வரிசை வரை கேட்டது. அரசு வழக்கறிஞர் இரண்டு கேள்விகள்தான் கேட்டார். கதவு எங்கே என்பது ஒன்று. ரொட்டி யார் கொண்டுவந்தது என்பது இன்னொன்று.

நீதிபதி ஐம்பது வயதுப் பெண். நிபுணரிடம், அடைப்பு 2015க்கு முன்பே போடப்பட்டிருக்கலாமா என்று கேட்டார்.

"இருக்கலாம்" என்றார் நிபுணர்.

"பிறகு போடப்பட்டிருக்கலாமா?"

"இருக்கலாம்."

"பெயர் மாற்றிப் பதிவு செய்திருந்தால் இது தெரிந்திருக்குமா?"

"பள்ளத்து மேல நிறுத்திக் கீழேர்ந்து பாத்தா முதல் நிமிஷத்துலயே தெரியும், மாண்புமிகு நீதிபதி."

தாலாய் தலையைக் குனிந்துகொண்டான். சாதாத்தும் குனிந்துகொண்டார்.

தீர்ப்பு 2019 மார்ச் 4 அன்று வாசிக்கப்பட்டது. மொத்தம் பதினேழு பக்கங்கள். சாதாத்தின் சாட்சியம் பதினோராம் பக்கத்தில் ஒரே வாக்கியமாக இருந்தது: இக்கூற்று வேறு எந்த ஆதாரத்தாலும் உறுதிப்படவில்லை, குற்றம் சாட்டப்பட்டவரின் மீதான அனுதாபத்தால் தூண்டப்பட்டதாக நீதிமன்றம் கருதுகிறது. தாலாய்க்கு நான்கு ஆண்டுத் திறந்தவெளிச் சிறை. நஷ்ட ஈட்டை ஓட்டுநரும் பதிவு செய்த உரிமையாளரும் சேர்ந்து தர வேண்டும். சாதாத் மேல்முறையீடு செய்தார். மே மாதம் அது தள்ளுபடியானது. நஷ்ட ஈட்டில் அவர் பங்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. வண்டி முற்றத்திலிருந்து பழைய இரும்புக்கு எடுத்துச் செல்லப்பட்டது. சான்றுப் பொருள் எண் 3, நீல வண்ணம் பூசிய போல்ட் ஒன்று, தீர்ப்பு உறுதியானதும் விதிப்படி அழிக்கப்பட்டது.